கட்டிலைத் தேடும் கை

ஒரு நாள் அஸர் தொழுகையில் (பிற்பகல் தொழுகை) சுஜூதுக்குப் போகக் குனிந்தேன். சுஜூது என்றால் நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது. பாதி வழியில் உடம்பு நின்றுவிட்டது. இடது தோளிலிருந்து விலா வரைக்கும் தையல் போட்டு இழுத்த மாதிரி ஒரு பிடி. தரை எப்போதும் இருந்த இடத்தில்தான் இருந்தது. எனக்குத்தான் எட்டவில்லை.

அப்போது நான் இத்தாவில் இருந்தேன் (கணவர் மௌத்தான பின், அதாவது இறந்த பின், மனைவி வீட்டோடு இருக்கும் காலம்). கவலையில் உடம்பு சோர்ந்திருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இத்தா முடிந்தது, சரியாகவில்லை. அலுமாரியின் மேல்தட்டிலிருந்து தேயிலை டின்னை எடுக்க முடியவில்லை. தலை வார முடியவில்லை. சட்டை மாற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கதிரையில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டித் தொழுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வருடக்கணக்காக ஒரு நோயாளியைப் பார்த்து, கடைசியில் தாங்களே நோயாளியாகிப் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவரில்லை. மாத்தளையில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்ற டீச்சர். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது (மூளைக்கு இரத்தம் போவது தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் குழறியது. அலுவிகாரையில் எங்கள் வீட்டு முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். வலப்பக்கம் சாய்த்தால் முகம் கிப்லாவைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம் (கிப்லா: மக்கா இருக்கும் திசை, நமக்கு மேற்கு). அந்தச் சின்ன அறையில் அதற்குக் கட்டிலை ஒரே ஒரு விதமாகத்தான் போடலாம். போட்டால் மற்றப் பக்கம் சுவரோடு ஒட்டிவிடும்.

நோயாளியின் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடக்கூடாது, இரண்டு பக்கமும் ஆள் போக இடம் வேண்டும். இதைக் கரும்பலகையில் படம் கீறி எத்தனை வகுப்புக்குப் படிப்பித்திருப்பேன்! ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டில் கிப்லா ஜெயித்தது. ஆகவே அவரைத் தூக்குவது, திருப்புவது, வுழூ (தொழுகைக்கான சுத்தம்) செய்துவிடுவது எல்லாம் எனக்கு ஒரே பக்கத்திலிருந்துதான். அவருடைய முதுகுக்குக் கீழே போவது எப்போதும் என் இடது கை.

படுப்பதும் அவர் கட்டிலுக்குக் கீழே பாயில்தான். நான் கிப்லாவைப் பார்த்து வலப்பக்கம் சாய்ந்து படுப்பேன், கட்டில் முதுகுப் பக்கம் இருக்கும். இடது கையைப் பின்னால் உயர்த்திக் கட்டில் ஓரத்தில் வைத்துவிடுவேன். ஏதும் தேவையென்றால் அவர் தன் நல்ல கையால் என் கையைப் பிடித்து அழுத்துவார். குழறிய வாயால் கூப்பிட அவருக்கு வெட்கம். கையை அழுத்துவதில் வெட்கமில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு கை பிடித்ததில்லை என்று ஒருநாள் கேலி செய்தேன். பாதி வாயால் சிரித்தார்.

தொழுகையை அவர் விடவில்லை. படுத்தபடி, தலையை அசைத்துத்தான். நான் கட்டிலுக்கு முன்னால் தரையில் என் பாட்டுக்குத் தொழுவேன், அவர் தன் பாட்டுக்குத் தொழுவார். நான் சுஜூதில் இருக்கும்போது சில வேளை கட்டில் சட்டத்தைத் தட்டுவார். சளி அடைத்திருக்கும், அல்லது தலையணை சரிந்திருக்கும். நான் அவசரமாக முடித்துக்கொண்டு எழும்புவேன். அந்தக் காலத்தில் என் சுஜூது எல்லாம் குட்டை. நெற்றி தரையில் இருந்தாலும் காது கட்டிலில் இருக்கும்.

“நெத்தி தரையில படாமயே மௌத்தாகப் போறேன்” என்று ஒருநாள் அழுதார். அப்படித்தான் போனார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “எலும்புல பிரச்சினை இல்ல டீச்சர். தோள் மூட்டு இறுகியிருக்கு. சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு இது கூடுதலா வரும்” என்றார். (மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிப்போவது இது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எனக்கும் உண்டு.) குளிசை (மாத்திரை) தந்தார், பயிற்சிக்கு அனுப்பினார். சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி, தடியைப் பிடித்துத் தூக்கும் பயிற்சி. ஒழுங்காகச் செய்தேன். தோள் கொஞ்சம் இளகியது. முதுகும் விலாவும் இளகவில்லை. தரை எட்டவில்லை.

“சுஜூது எப்ப செய்யலாம் டொக்டர்?” என்று கேட்டேன். அவர் சிங்களவர். எதைக் கேட்கிறேன் என்று விளங்கியதும் பேனாவைக் கீழே வைத்தார். “தெரியாது. பொறுமையா செஞ்சுட்டு வாங்க” என்றார். தெரியாது என்று சொன்ன அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

என்னோடு படிப்பித்த ஒரு டீச்சர்தான் நிரோஷா மிஸ்ஸைப் பற்றிச் சொன்னார். பிசியோதெரபி படித்துவிட்டு வெளிநாட்டில் இன்னொரு பயிற்சியும் எடுத்தவர். கையாலேயே உடம்பின் நிலையைச் சீராக்கும் சிகிச்சை. கிழமைக்கு ஒருநாள் மாத்தளை டவுனில் ஒரு பாமசிக்கு மேலே இருக்கும் அறையில் ஆட்களைப் பார்ப்பார். பெண் என்பதால்தான் போகவே சம்மதித்தேன். அதற்கு முன் எலும்பு டொக்டரிடமும் கேட்டேன். எலும்பு தேய்ந்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் கேட்காமல் போகவே கூடாது. நீங்களும் கேட்டுவிட்டுத்தான் போங்கள்.

இனி அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நான் போகும்போது சொல்ல ஆளில்லாமல் பயந்து செத்தேன்.

முதல் நாள் அதிகம் தொடமாட்டார்கள். நிற்கச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள், மூச்சு விடச் சொல்வார்கள். தளர்ந்த காற்சட்டையும் டீ-ஷர்ட்டும் கொண்டுபோங்கள். கதவைப் பூட்டி, ஜன்னல் சீலையை இழுத்துவிட்ட பிறகு ஹிஜாபைக் கழற்றினேன். அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. என்னை முழுதாகப் பார்த்து வெகு காலம். இடது தோள் கீழே இறங்கி, விலா ஒரு பக்கம் மடங்கி, தலை மட்டும் நியாயம் கேட்கிற மாதிரி மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது. யா அல்லாஹ், இந்தக் கோணல் மனுஷி யார் என்று நினைத்தேன்.

“எந்தப் பக்கம் நின்னு தூக்கினீங்க ஆன்ட்டி?” என்று மிஸ் கேட்டார். அவர் பேசுவது பாதி தமிழ், பாதி சிங்களம். நானும் அப்படியே பதில் சொன்னேன்.

தோலுக்குக் கீழே, தசைகளைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறதாம் (தசையுறை என்று சொல்லலாம்). ஹஜ்ஜுப் பெருநாளைக்கு குர்பான் (பலி) இறைச்சி சுத்தம் செய்யும்போது வெள்ளையாக மினுங்கிக்கொண்டு ஒரு சவ்வு வருமே, அதுதான். உச்சி முதல் உள்ளங்கால் வரை அது ஒன்றோடு ஒன்று தொடர்ந்து ஓடுகிறது. உடம்பை ஒரே விதமாகப் பாவித்தால் அதுவும் அதற்கேற்ற மாதிரி இறுகிவிடும், மெதுவாக அழுத்தினால் இளகும் என்பது இவர்களுடைய கணக்கு. இதை எல்லா டொக்டர்மாரும் ஒப்புக்கொள்வதில்லை என்று மிஸ்ஸே சொன்னார். அதுவும் எனக்குப் பிடித்தது.

அங்கே எண்ணெய் கிடையாது. சடக்கென்று முறிக்கும் வேலையும் கிடையாது. விரலையோ விரல் முட்டியையோ முழங்கையையோ ஓரிடத்தில் வைத்து, காத்திருந்து, மிகமிக மெதுவாக நகர்த்துவார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடியும் இல்லை, சும்மா இருந்தே நகர்த்துகிறார்கள். தோல் எரிவது போல இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். நோகிறது என்றால் சொல்லுங்கள், உடனே குறைப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். முடிந்த பிறகு களைப்பாக இருக்கும். அடுத்த நாள் மாடிப்படி ஏறி இறங்கியவர்போல உடம்பு நோகும், பிறகு விட்டுவிடும்.

இன்னொன்றை எனக்கு யாருமே சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோது மிஸ் தன் உள்ளங்கையை என் முதுகில், விலாவுக்கு மேலே வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. கண்ணீரோடு நிற்கவில்லை, சத்தம் போட்டே அழுதேன். கீழே பாமசியில் மருந்து வாங்குகிறவர்களுக்குக் கேட்டிருக்கும்.

என்மேல் ஒரு கை பட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! மையத்து வீட்டில் (சாவு வீட்டில்) எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். பிறகு வரவு குறைந்தது. மகள் ஷிபானா தோஹாவில் இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் போனில் முகம் காட்டுவாள், அந்த முகத்தைத் தொட முடியாது. பெருநாள் அன்று மச்சி பௌசியா (கணவரின் தங்கை) முஸாஃபஹா செய்தாள் (கையோடு கை சேர்த்து ஸலாம் சொல்வது). இந்த இரண்டுக்கும் இடையில் எதுவுமே இல்லை. தனிமை என்பது வீட்டில் ஆளில்லாமல் போவது என்று நினைத்திருந்தேன். அது தோலிலும் இருக்கிறது என்று அந்த மேசையில் கிடந்துதான் தெரிந்துகொண்டேன்.

மிஸ் கையை எடுக்கவில்லை. “பரவாயில்ல ஆன்ட்டி. நெறையப் பேர் அழுவாங்க” என்றார். உங்களுக்கும் அழுகை வந்தால் வெட்கப்படாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் அங்கிருந்து இறங்கும்போது உடம்பு நிமிர்ந்திருக்கும். மூச்சு இடது விலாவுக்குள்ளேயும் போகும். பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வருவேன். இரண்டு நாள் போனால் பழைய கோணல் திரும்பிவிடும். முதலில் இடுப்பில்தான் பிழை என்று மிஸ் அங்கே வேலை செய்தார். பிறகு கழுத்தில் செய்தார். ஒன்றும் நிலைக்கவில்லை.

“நான் விட்ட எடத்துல இந்தத் தோள் இல்ல. வீட்டுல இந்தக் கையை என்ன செய்றீங்க?” என்று மிஸ் கேட்டார்.

“கையை என்ன செய்ய? என்கூடத்தான் வச்சிருக்கேன்” என்றேன். சிரிக்க வைத்துத் தப்பிவிடலாம் என்று பார்த்தேன்.

அவர் சிரித்தார், ஆனால் விடவில்லை. நிலத்தில் ஒரு பாயை விரித்தார். “வீட்டுல படுக்கிற மாதிரி படுங்க.”

கிப்லாவைக் கணக்குப் பார்த்து வலப்பக்கம் சாய்ந்து படுத்தேன். எனக்குப் பின்னால் அவருடைய சிகிச்சை மேசை இருந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக. இடது கை தானாகப் பின்னால் உயர்ந்தது. மேசை உயரமென்பதால் எட்டாமல் அதன் காலைத் தடவிக்கொண்டு நின்றது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் மௌத்தான பிறகும் நான் அந்தப் பாயில்தான் படுக்கிறேன் என்று சொன்னேன். கட்டிலில் விரிப்பு மாற்றுகிறேன், தலையணை உறை தோய்க்கிறேன். கையை மேலே வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றும் சொன்னேன்.

மிஸ் பாய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, “கையை எடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. அது உங்க விஷயம். ஆனா ராவெல்லாம் கை அங்க இருந்தா நெத்தி தரைக்குப் போகாது. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்” என்றார்.

கோபம் வந்ததே ஒரு கோபம்! அவர்மேல் ஏன் கோபம் என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த கிழமை நான் போகவில்லை.

பௌசியா கறி கொண்டுவந்தவள் விஷயத்தைக் கேட்டாள். “மதினி, கதிரையில இருந்து தொழுதா கூடாதுன்னு யாரு சொன்ன? முடியாதவங்களுக்கு மார்க்கத்துல எடம் ஈக்குதானே. நானாட (அண்ணனுடைய) கட்டில ஏதும் பள்ளிவாசலுக்குக் குடுத்துடுங்களேன், இன்னொரு நோயாளிக்கு ஆகும்.” சரியான பேச்சுத்தான். அவளைக் கடித்துக் குதறிவிட்டேன். பாவம், பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

ஷிபானா போனில், “உம்மா, தோஹாவுக்கு வந்துடுங்களேன்” என்றாள். எல்லாத்துக்கும் அவளிடம் இருப்பது இந்த ஒரே மருந்துதான். கை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை.

அந்தக் கையை எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? அவருடைய உடுப்பைக் கொடுத்தாயிற்று, மருந்துகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. என் உடம்பு கோணலாக இருந்ததே, அதுதான் அவர் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி. அதையும் நிமிர்த்திவிட்டால் நான் யாருமே இல்லாத ஒரு நேரான மனுஷி. நோவு போக வேண்டும் என்று காசு கொடுத்துக்கொண்டு, போய்விடுமோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இது விளங்கும்.

பிறகு ஒரு ளுஹர் நேரம் (நண்பகல் தொழுகை). முன்னறையில் கதிரையைப் போட்டுத் தொழுதுகொண்டிருந்தேன். சுஜூதுக்குத் தலையைக் குனிந்தேன். நாடி (மோவாய்) நெஞ்சில் தொட்டது. அந்த அசைவு எனக்குத் தெரிந்த அசைவு. அவருடையது. அதே மாதிரி கொஞ்சம் இழுத்து, கண்ணை மூடி, பாதியில் நிறுத்தும் அசைவு. வருடக்கணக்காகப் பார்த்தது என் கழுத்தில் ஏறியிருந்தது.

அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒருமுறை நெற்றி தரையில் பட்டால் போதும் என்று அழுத மனிதர். எனக்கு வழி இருக்கிறது, ஒரு பாயைச் சுருட்டினால் போதும். நான் கதிரையில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். இதை அவர் பார்த்தால் என்ன சொல்வார்? குழறிய வாயாலேயே ஏசுவார்.

பௌசியாவுக்கு அவளுடைய பாத்திரத்தில் வட்டிலப்பம் (தேங்காய்ப்பால், முட்டை சேர்த்த இனிப்பு) போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அவள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள், மூன்று பேருமாகக் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தோம். சுவரில் கட்டில் சட்டம் உராய்ந்த கோடு ஒன்று இருந்தது. அதை அழிக்க வேண்டாம் என்றேன். கட்டிலைக் கொடுக்கவுமில்லை. பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைக்கச் சொன்னேன், என் கை எட்டாத இடத்தில்.

அன்றிலிருந்து அவருடைய கட்டிலில், அவர் கிடந்த இடத்தில் படுக்கிறேன். இரண்டு கையும் முன்னால். மிஸ் முன்பு சொல்லியிருந்தபடி நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்வேன். முதலில் தூக்கமே வரவில்லை. கை உறங்காமல் கிடந்து தவித்தது. அங்கிருந்து பார்த்தால் தரையில் நான் தொழும் இடம் தெரியும். இத்தனை காலம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். என் முதுகையும், தரையையும்.

மிஸ்ஸிடம் திரும்பப் போனேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “ஆ…” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் இளக்கியது இளகியபடி நின்றது. ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் நான் விடவில்லை. எது எவ்வளவு உதவியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எலும்பு டொக்டரிடம் கையைத் தூக்கிக் காட்டியபோது அவரும் தெரியாது என்றார், சிரித்துக்கொண்டு.

உடம்பு ஒரேயடியாக நேராகவில்லை. மழைக்காலத்தில் தோள் இன்னும் முனகும். தேயிலை டின் எட்டுகிறது. எனக்கே என் உடம்பு புதிதாக இருக்கிறது. வாடகைக்கு இருந்தவர்கள் போன பிறகு வீட்டுக்காரி உள்ளே வந்து பார்ப்பதுபோல, இங்கே இவ்வளவு இடம் இருந்ததா என்று பார்க்கிறேன். அதில் சந்தோஷமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

ஒரு அஸரில், எண்ணிப் பார்க்காமல், வழக்கம்போலக் குனிந்தேன். முழங்கால் தொட்டது. கைகள் தொட்டன. பிறகு நெற்றி. தரை குளிர்ந்திருந்தது. இடது கை தலைக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்தது, யாரையும் பிடிக்காமல்.

அவருக்கும் சேர்த்து ஓதினேன். பழக்கத்தில் காது கட்டில் பக்கம் போனது. தட்டும் சத்தம் வரும், அவசரமாக எழும்ப வேண்டும் என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது. வரவில்லை. வெளியே ரோட்டில் ஒரு பஸ் போனது. கேட்டது அதுதான்.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. இப்போது என் சுஜூது நீளம். கூப்பிட ஆளில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமென்றாலும் தரையில் இருக்கலாம். இருக்கிறேன்.